டிராக் டேக்காக காரின் பாடியை எவ்வளவு தூரம் மாற்றலாம்?

கேள்வி இதுதான். கேட்டவரிடம் பத்து வருடம் ஓடிய 1.2 லிட்டர் ஃபோக்ஸ்வேகன் போலோ ஒன்று இருக்கிறது. சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே அன்று, அதாவது போட்டியில்லாமல் சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்க்க விடும் நாளில், ஓட்டுவதற்காக அதில் ஃபைபர் பானெட் போட்டு, பின் ஃபெண்டரை (சக்கரத்தை மூடியிருக்கும் பாடித் தகடு) வெட்டி அகலமான டயர் ஏற்றி, டிக்கி மேல் பெரிய விங் ஒன்றை நிறுத்தி, உள்ளே பின் சீட், கார்ப்பெட், கதவு அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட நினைக்கிறார். 'டிராக்குக்குள்ளே ரூல் எதுவும் கிடையாது, இஷ்டத்துக்குச் செய்யலாம்' என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். அது உண்மையா என்று கேட்கிறார். பின்னாளில் அமெச்சூர் ரேஸிலும் இதே வண்டியை ஓட்ட ஆசை. கடைசி வரியில், வார நாட்களில் இதிலேயே ஆபீஸும் போக வேண்டும் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முதல் கேள்வியாகத் தெரிகிறது. இங்கே ஒரு விதி இல்லை, மூன்று விதித் தொகுப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன: சாலைச் சட்டம், டிராக் டே நடத்துபவரின் பாதுகாப்பு விதி, ரேஸ் வகுப்பின் தொழில்நுட்ப விதி. இதில் எது உங்களைக் கட்டும் என்பது, வண்டி டிராக்குக்குத் தன் சக்கரத்தில் ஓடி வருகிறதா, ரெக்கவரி வண்டியின் முதுகில் வருகிறதா என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்யாமல் ஃபெண்டரில் கட்டரை வைக்காதீர்கள். கோவையில் ரேஸ் வண்டி தயார் செய்யும் பட்டறைகளில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். போட்டிகளில் ஸ்க்ரூட்டினி, அதாவது ஓடும் முன் வண்டியைப் பரிசோதிக்கும் மேசைக்கு இந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன், அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன். வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலைச் சட்டத்தில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. மாநில விதி இடம் கொடுத்தாலும் மத்தியச் சட்டத்தைத் தாண்டி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் நான்கு இருக்கிறது.

சந்தேகம் வருவது அதற்குக் கீழே உள்ள சின்னச் சமாச்சாரங்களில். மாற்றம் என்றால் வண்டியின் கட்டமைப்பில் செய்யப்பட்டு அதன் அடிப்படை அம்சத்தை மாற்றும் ஒன்று என்று அதே 52ஆம் பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. பம்பருக்குக் கீழே ஒட்டும் லிப், டிக்கி விளிம்பில் வரும் இரண்டு அங்குல ஸ்பாய்லர், கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பானெட் எல்லாம் அதில் அடங்குமா என்று வாதாடலாம். ஆனால் வாகனச் சோதனையில் நிறுத்தும் அதிகாரியிடம் சட்ட விளக்கம் பேசி ஜெயித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வண்டி முழுவதும் வேறு நிறத்தில் ராப் ஒட்டினால் வாதமே கிடையாது, ஆர்.சி.யிலேயே நிறம் எழுதியிருக்கிறது. ஃபெண்டரை வெட்டுவதும், நிரந்தரமாகப் பின் சீட்டை எடுத்து ஐந்து பேர் வண்டியை இரண்டு பேர் வண்டியாக்குவதும் சந்தேகமே இல்லாமல் தவறான பக்கம்தான்.

இதோடு இன்ஷூரன்ஸையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. டிராக்கில் சுவரில் மோதினால் செலவு உங்கள் கையிலிருந்துதான். டிராக்குக்கு வெளியே, ஆபீஸ் போகும் வழியில் நடக்கும் விபத்திலும், கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த பாடி மாற்றம் கிளெய்மை இழுத்தடிக்கக் காரணமாகலாம்.

இனி டிராக்குக்குள் வருவோம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டித் திறந்தது 1990ல். அதற்கு முன் சோழவரம் விமான ஓடுதளம்தான் சென்னைக்காரர்களின் ரேஸ் களம். இன்றைக்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர், சுற்று 3.717 கிலோமீட்டர். பைக்கும் காரும் இரண்டும் ஓடும் இடம். பாடி பற்றிய டிராக் டே விதிகள் பலவற்றுக்கும் காரணம் இந்த ஒரு விஷயத்திலேயே இருக்கிறது. உங்கள் வண்டியிலிருந்து கழன்று விழும் ஒரு கைப்பிடி அளவு ஃபைபர் துண்டு பின்னால் வரும் காருக்குச் சின்னத் தட்டல். அடுத்த செஷனில் வரும் பைக்காரருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

டிராக் டே போட்டி இல்லை. யாரும் கோப்பை வாங்கப் போவதில்லை, அதனால் உன் வண்டியும் என் வண்டியும் சமமா என்று பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் நண்பர் அந்த மட்டில் பாதி சரி: விங்கின் அகலம், பானெட்டின் பொருள், ஃபெண்டரின் வடிவம் இதையெல்லாம் அளந்து பார்க்க டிராக் டேயில் யாரும் ஸ்கேலோடு வர மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது வேறு. ஏதாவது கழன்று விழுமா? ஏதாவது ஒழுகுமா? மணலில் சிக்கினால் கட்டி இழுக்க முடியுமா? உள்ளே இருப்பவர் தானாக வெளியே வர முடியுமா, டிராக் ஓரத்தில் உதவிக்கு நிற்கும் மார்ஷல் வெளியிலிருந்து கதவைத் திறக்க முடியுமா? இதற்கு மேல் நடத்துபவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. போன மாதம் ஒருவர் விட்டதை இந்த மாதம் இன்னொருவர் நிறுத்தலாம். நிறுத்தினால் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. பதிவு செய்யும்போதே விதித் தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ரேஸ் வகுப்பு முற்றிலும் வேறு உலகம். இந்தியாவில் போட்டிகள் மோட்டார் பந்தயங்களின் தேசியக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் கீழ் நடக்கின்றன, லைசென்ஸ் வேண்டும். டூரிங் கார் வகுப்புகளின் விதிகள் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் 'அப்பெண்டிக்ஸ் ஜே' என்ற தொகுப்பை அடியொற்றியவை. அதில் ஸ்டாக் வண்டிகளுக்கான, அதாவது பெரும்பாலும் கம்பெனியில் வந்தபடியே ஓடும் வண்டிகளுக்கான, குரூப் என் பகுதியில் ஒரு வரி வரும்: இந்த விதிகளில் அனுமதிக்கப்படாத எல்லா மாற்றங்களும் தடை செய்யப்பட்டவை. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகவே படிக்கிறார்கள். 'கூடாதுன்னு எங்கேயும் போடலையே சார்' என்று ஸ்க்ரூட்டினியில் கேட்பவர் ஒவ்வொரு சீசனிலும் ஒருவராவது இருப்பார். 'செய்யலாம்' என்று எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டும். எழுதவில்லை என்றால் கிடையாது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அமெச்சூர் ரேஸை நடத்தும் பெரிய சங்கமான எஸ்.சி.சி.ஏ.யிலும் இதே மரபுதான். அங்கே வகுப்புகள் ஏணிப்படி மாதிரி ஏறும். கீழ்ப்படியில் பாடியைத் தொடவே கூடாது. அடுத்த படியில் முன் பம்பருக்குக் கீழே காற்றைத் தடுக்கும் தகடான ஏர் டேம் வைக்கலாம். அதற்கு மேல் ஃபெண்டரை அகலப்படுத்தலாம். உச்சியில் குழாய்ச் சட்டத்தின் மேல் கார் மாதிரி தெரியும் ஒரு ஃபைபர் ஓடு மட்டும் இருக்கும். 2006ல் தொடங்கிய '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்ற போட்டியோ நேர் எதிர். 500 டாலர் வண்டிகளுக்கானது. கூரையில் பொம்மை வைத்து, படகு மாதிரி, பூச்சி மாதிரி எல்லாம் அலங்கரித்து ஓட்டுவார்கள், அதற்குப் பரிசு கூட உண்டு. ஆனால் அந்தக் கோமாளி வண்டிகளுக்குள்ளும் முழு ரோல் கேஜ் (வண்டி உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) இருந்தே ஆக வேண்டும், பாதுகாப்புக்குச் செலவழிக்கும் காசு 500 டாலர் கணக்கிலேயே வராது. பாடி விஷயத்தில் எவ்வளவு தாராளம் காட்டினாலும் பாதுகாப்பில் யாரும் இறங்கி வருவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். முதலில் ஃபைபர் பானெட். எடை குறையும், உண்மைதான், அதுவும் முன் சக்கரத்துக்கு முன்னாலும் மேலேயும் இருக்கும் எடை. ஆனால் கம்பெனி பானெட்டில் லாக் மாட்டும் கொக்கி, உள்பக்கம் தகடு வைத்து வலுவாக்கிய இடத்தில் இருக்கிறது. மலிவான ஃபைபர் பானெட்டில் அதே கொக்கியை ஃபைபரில் இரண்டு போல்ட் போட்டு நிறுத்தியிருப்பார்கள். வேகத்தில் முன் விளிம்பைக் காற்று தூக்கும், என்ஜின் அறைக்குள் புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், அந்த இடம் கிழியும், பானெட் மடிந்து கண்ணாடியில் அறையும். அதனால்தான் எஃப்.ஐ.ஏ. விதி, பானெட்டுக்கும் டிக்கிக்கும் தலா இரண்டு கூடுதல் பூட்டுகளாவது வேண்டும், கம்பெனி லாக்கைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்கிறது. வெளியே இருந்து மார்ஷல் ஒரு நொடியில் திறந்து தீயணைப்பான் அடிக்க வேண்டும் என்பது இரண்டாவது காரணம். இந்தக் கூடுதல் பூட்டான பானெட் பின்னைப் போடும்போது கீழே அது நிற்கும் இடம் ரேடியேட்டர் சட்டத்தின் இரும்பில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கிரில்லில் இருக்கக் கூடாது. டிராக் டேக்கு ஃபைபர் பானெட் பின்னோடு இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஸ்டாக் வகுப்பு ரேஸுக்கு கம்பெனி இரும்பு பானெட்தான். ஆகவே பழையதை காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

பானெட் பற்றியே இன்னொன்று. பின் விளிம்பின் கீழே வாஷர் வைத்து ஒரு அங்குலம் தூக்கிவிடும் பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது, சூடு வெளியேறுமாம். வண்டி நின்றுகொண்டிருந்தால் வெளியேறும். ஓடும்போது முன் கண்ணாடியின் அடிப்பகுதி காற்றழுத்தம் கூடுகிற இடம். ஏ.சி.க்குக் காற்று எடுக்கும் வாயை பெரும்பாலான கம்பெனிகள் அங்கே வைப்பதே அதனால்தான். அங்கே திறந்தால் காற்று உள்ளே வரத்தான் பார்க்கும். எண்ணெய் கசிந்தால் புகையும் நேராகக் கண்ணாடிக்கு வரும். சென்னை வெயிலில் என்ஜின் சூடாகிறது என்றால் பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளிகளை அலுமினியத் தகடு வைத்து அடையுங்கள். உள்ளே வந்த காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு தப்பிக்காமல் அதன் வழியாகவே போகும். செலவு சில நூறு ரூபாய். எந்த விதியும் மறுக்காது என்று சொல்ல மாட்டேன், டிராக் டேயில் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

அடுத்து ஃபெண்டர். இதில்தான் உங்களை நிறுத்தியே ஆக வேண்டும். போலோ மாதிரி வண்டிகளில் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, கழற்றி மாட்டலாம், வெட்டிக் கெடுத்தாலும் வேறு வாங்கலாம். பின் பக்கம் அப்படியில்லை. வெளித் தகடும் உள்ளே உள்ள சக்கரக் கூடும் விளிம்பில் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்ந்திருக்கின்றன, அந்தச் சேர்க்கை வண்டியின் விறைப்பில் பங்கு வகிக்கிறது. விளிம்பை வெட்டினால் இரண்டு தகடும் பிரிந்துவிடும். திரும்ப முழு நீளத்துக்கும் வெல்டிங் வைத்து, துரு பிடிக்காமல் மூட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டின இடத்தில் ஃபைபர் ஆர்ச்சை (சக்கரத்தின் மேல் வரும் வளைவு) ரிவெட் அடித்து, பட்டி போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் டிங்கரிங் கடைகள் இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். இரண்டு மழைக்காலம் கழித்து ஆர்ச்சைக் கழற்றிப் பாருங்கள்.

விதி என்ன சொல்கிறது? சக்கரத்தின் மேல்பாதி, மையத்துக்கு நேர் மேலே உள்ள பகுதி, மேலிருந்து பார்த்தால் பாடிக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பது அப்பெண்டிக்ஸ் ஜேயில் பழைய விதி. டயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கல்லைப் பின்னால் எறியும், பக்கத்து வண்டியின் டயரோடு உரசினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். டிராக் டேயில் டயர் பாடியில் உரசுகிறதா என்று மட்டும் கட்டாயம் பார்ப்பார்கள். ஸ்டாக் வகுப்புகளில் உட்பக்கம் நீட்டிய விளிம்பை மடித்துவிட இடம் உண்டு, வெட்டி அகலப்படுத்த இடம் இல்லை. மடிக்கும்போது பெயின்டை ஹீட் கன் வைத்துச் சூடாக்கிக்கொண்டே மெதுவாக மடிக்க வேண்டும், குளிர்ந்த தகட்டை மடித்தால் பெயின்ட் வெடித்துத் துருவுக்கு வாசல் திறக்கும். உங்கள் 1.2 லிட்டர் என்ஜினுக்கு ஆர்ச்சை வெட்ட வேண்டிய அளவு அகல டயரே தேவையில்லை என்பது என் கருத்து. இருக்கும் ஆர்ச்சுக்குள் அடங்கும் நல்ல டயர் ஒரு செட் வாங்குங்கள். நேரம் அங்கேதான் இருக்கிறது.

விங். ஆசை புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். விங்கின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 160ல் 100 கிலோ அழுத்தும் விங், 80ல் 25 கிலோதான் அழுத்தும். சின்ன என்ஜின் வண்டி வளைவுகளில் போகும் வேகத்தில் பலன் சொற்பம், நேர்பாதையில் இழுவை மட்டும் மிச்சம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. விங் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் நிற்கிறது என்று வையுங்கள், உங்கள் வண்டியின் வீல்பேஸ் சுமார் இரண்டரை மீட்டர். விங் 100 கிலோ அழுத்தினால் பின் சக்கரங்களில் 120 கிலோ கூடும், முன்னால் 20 கிலோ குறையும். தராசுத் தட்டு மாதிரி பின் அச்சைத் தாங்கலாக வைத்து முன்பக்கத்தைத் தூக்குகிறது. முன் சக்கரம்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கில் பெரும்பங்கையும் அதுவே தாங்குகிறது. அதன் பிடியைக் குறைக்க எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும்? முன்னால் ஸ்ப்ளிட்டர் (பம்பருக்குக் கீழே முன்னோக்கி நீட்டும் தட்டு) இல்லாமல் பின்னால் மட்டும் விங் வைத்த முன்சக்கர இழுவை வண்டி வேக வளைவில் நேராகப் போகத்தான் பார்க்கும்.

அப்படியும் வைப்பேன் என்றால் மாட்டும் முறையில் கவனம் வேண்டும். டிக்கித் தகட்டில் மட்டும் போல்ட் போட்ட விங் தகட்டைக் குழியாக்கும், பிறகு கிழிக்கும். தாங்கு கால்கள் தகட்டைத் தாண்டிப் பாடியின் வலுவான இடத்துக்கு இறங்க வேண்டும். ஸ்ப்ளிட்டரும் அப்படித்தான், பம்பர் உறையில் தொங்கக் கூடாது, உள்ளே இருக்கும் இரும்பில் பிடித்திருக்க வேண்டும். ஸ்க்ரூட்டினியில் நான் ஸ்ப்ளிட்டரின் ஓரத்தில் காலை வைத்து அழுத்திப் பார்ப்பேன், விங்கை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவேன். வண்டியே ஆடினால் சரி, விங் மட்டும் ஆடினால் கழற்றச் சொல்வேன். கூர்மையான விளிம்பு எங்கும் இருக்கக் கூடாது, காரின் அகலத்தைத் தாண்டி எதுவும் நீட்டக் கூடாது. அகலம், உயரம், பின்னால் எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்ற அளவுகள் வகுப்புக்கு வகுப்பு மாறும், ஸ்டாக் வகுப்பில் விங்கே கிடையாது. இன்னொரு வகுப்பின் அளவைப் பார்த்து விங் வாங்கிவிடாதீர்கள்.

உள்ளே காலி செய்வது. செலவில்லாமல் எடை குறைக்கும் வழி என்பதால் எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். பின் சீட்டைத் தூக்கினால் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் பெட்ரோல் பம்பின் மூடி தெரியும். அதன் மேல் கம்பெனி போட்டது பிளாஸ்டிக் மூடி, அதற்கு மேல் சீட் இருக்கும் என்ற கணக்கில். சீட் போன பிறகு அங்கே உலோகத் தகடு போட்டு இறுக்கமாக மூட வேண்டும். அதே மாதிரி என்ஜின் அறைக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வாலில் ஒயர் போன பழைய ஓட்டைகள் ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தளர்ந்த ஒயர், கழற்றிய ஸ்பீக்கரின் கூர்மையான தகடு, தரையில் உருளும் தண்ணீர் பாட்டில் இதெல்லாம் சொல்லாமலே தெரியும் என்று நினைக்கிறேன்.

கதவு அட்டையை எடுப்பது வேறு, கதவுக்குள் இருக்கும் இரும்புத் தடியை வெட்டுவது வேறு. அந்தத் தடிதான் பக்கவாட்டு மோதலில் உங்கள் இடுப்பைக் காப்பாற்றுகிறது. ரோல் கேஜின் பக்கக் குழாய்கள் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் வரை கதவின் உள்ளே கை வைக்க வேண்டாம். எஸ்.சி.சி.ஏ. விதியிலும் கேஜின் கதவுக் குழாய் கதவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால்தான் உள் பாகங்களை எடுக்க அனுமதி. கேஜ் என்றதும் ஒரு எச்சரிக்கை. எஃப்.ஐ.ஏ. அளவு, பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 கனமும், அல்லது 50க்கு 2. மற்ற குழாய்களுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. நீளவாக்கில் வெல்டிங் மூட்டு இல்லாத, குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய். கிணற்று மோட்டாருக்குப் போடும் ஜி.ஐ. பைப்பை வளைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கேஜ் என்று விற்கிறார்கள். அது இல்லாமல் இருப்பதே மேல். நல்ல கேஜாகவே இருந்தாலும் அதோடு ஆபீஸ் போகாதீர்கள். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் எஃகுக் குழாய் இருக்கும், சின்ன மோதலில் கூட மண்டை அதில் அடிபடும்.

பட்டியலில் நீங்கள் எழுதாத, ஆனால் ஸ்க்ரூட்டினியில் நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் விஷயம் இழுவைக் கொக்கி. கம்பெனி பம்பரில் சின்ன மூடி ஒன்று இருக்கும், திறந்து ஸ்பேர் வீலோடு வரும் கொக்கியைத் திருகலாம். பாடி கிட் பம்பர் போட்டால் பல சமயம் அந்த ஓட்டையே மறைந்துவிடும். மணலில் புதைந்தால் மார்ஷல் எதைப் பிடித்து இழுப்பார்? கைக்குக் கிடைத்த சஸ்பென்ஷன் கீழ்க் கையையோ விங்கையோ பிடிப்பார், மிச்சம் இருக்கும் பாடியும் அங்கேயே போய்விடும். முன்னும் பின்னும் கொக்கி, பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில், எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி ஒட்டி வையுங்கள். கண்ணாடி விளக்குகள் இருந்தால் மேலே டேப். பிளாஸ்டிக் விளக்கு அவ்வளவு சிதறாது என்றாலும் கேட்டால் ஒட்டிவிடுங்கள், பத்து நிமிட வேலை. முன் கண்ணாடியில் விரிசல் கூடாது. இரு பக்க மிரரும் இருக்க வேண்டும். எடை குறைக்கிறேன் என்று அதைக் கழற்றி வருபவர்களை என்னவென்று சொல்ல.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் வருடம் பாடியில் ஒரு ஓட்டை கூடப் போட மாட்டேன். ஆர்.சி.க்கு விரோதமில்லாமல், காலையில் மாட்டி மாலையில் கழற்றக் கூடியதை மட்டும் செய்வேன்: நல்ல பிரேக் பேடும் திரவமும், டயர், கொக்கி, ரேடியேட்டர் தகடு, டிக்கியில் இருக்கும் சாமான்களை எல்லாம் பேடாக்கில் (டிராக்குக்குப் பக்கத்தில் வண்டிகளை நிறுத்தும் இடம்) இறக்கி வைப்பது. அந்த வருடம் ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கு டிராக் டே மட்டும் போதுமா, ரேஸ் வேண்டுமா என்று தெரிந்துவிடும். ரேஸ் என்றால் வகுப்பை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் அந்த வருட விதிப் புத்தகத்தை வாங்கி, அதற்கேற்ற வண்டியை ஆபீஸ் வண்டியிலிருந்து தனியாகவே தயார் செய்யுங்கள். ஏற்கெனவே அந்த வகுப்பில் ஓடி, கேஜும் போட்டு விற்பனைக்கு வரும் பழைய வண்டி, நீங்கள் போலோவை அறுத்துச் செய்வதைவிட மலிவாகவே கிடைக்கும். வகுப்புக்குக் குறைந்தபட்ச எடையும் உண்டு. அதற்குக் கீழே போனால் தரையில் இரும்புக் கட்டியைப் போல்ட் அடித்துச் சுமக்கச் சொல்வார்கள், ஃபைபர் பானெட்டுக்குக் கொடுத்த காசு அங்கே போய்விடும்.

டிராக் டே நடத்துபவர் கொடுக்கும் விதித் தாளில் 'பாடி', 'ஏரோ' என்று வரும் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். எந்த வருடத்துத் தாள் என்பதும் படத்தில் தெரியட்டும். விங் மாட்டும் இடம் பற்றி அதைப் பார்த்துவிட்டுத் தனியாகச் சொல்கிறேன்.